ஹுவே நகரை வழிகாட்டியோடு ஒரே நாளில் சுற்றிப் பார்க்க: முன்தின ஏற்பாடு முதல் மாலை இறங்கும் வரை

மத்திய வியட்நாமின் பழைய தலைநகரான ஹுவேயில் ஒரு நாள் டூர் போனவர்கள் மாலையில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லா இடத்துக்கும் போனோம், எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை." பழியை வழிகாட்டியின் மேல் போடுவது சுலபம். உண்மையில் அந்த நாள் கெடுவது முன்தினமே. எந்த ஊரிலிருந்து கிளம்புவது, எத்தனை இடம், எது முதலில் என்று யோசிக்காமல் விலையை மட்டும் பார்த்து புக் செய்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆகவே செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே பார்க்கலாம்.

1. முதலில் ஊரை முடிவு செய்யுங்கள்: ஹுவேயா, டா நாங்கா?

ஒரே பெயரில் இரண்டு வகை டூர் விற்கிறார்கள். ஒன்று ஹுவேயிலிருந்தே கிளம்புவது. இன்னொன்று டா நாங் அல்லது ஹோய் ஆனிலிருந்து கிளம்பி அன்றே திரும்புவது.

டா நாங்கிலிருந்து ஹுவே சுமார் 100 கி.மீ. ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஏழரைக்கு ஏறி இரவு ஏழுக்கு இறங்கினால், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதே ஐந்து மணி நேரம். மதியச் சாப்பாட்டையும் கழித்தால் ஊரைப் பார்க்க மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம். ஹோய் ஆனில் தங்கியிருந்தால் இன்னும் 30 கி.மீ. கூடுதல், விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும்.

முடிந்தால் முந்தைய இரவு ஹுவேயில் தங்குங்கள். டா நாங்கிலிருந்து ரயிலில் வந்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கடலோரமாகப் போகும் பாதை. வடக்கே போகும்போது கடல் வலது பக்கம் வரும், அதைப் பார்த்து இருக்கை எடுங்கள். விமானத்தில் வருபவர்களுக்கு ஃபூ பாய் விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 15 கி.மீ.

வேறு வழியில்லாமல் டா நாங்கிலிருந்தே போவதென்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டி போவது ஹாய் வான் மலைப்பாதை வழியா, சுரங்கப்பாதை வழியா? மலைப்பாதை அழகுதான். ஆனால் அது தின்னும் நேரம் ஹுவேயின் அரசக் கோட்டையைப் பார்ப்பதில் குறையும். ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்பவர்கள்தான் கடைசியில் ஓட்டமும் நடையுமாகப் பார்க்கிறார்கள்.

2. விசாவும் பருவமும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மின்விசா வேண்டும். ஒரு முறை நுழைய 25 டாலர். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமலே போகலாம்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் பெயர்க் கட்டம். தந்தை பெயரை இனிஷியலாக மட்டும் வைத்திருப்பவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம். அதை நிரப்ப வேண்டுமே என்று புதிதாக ஒரு பெயரை இட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். விசாவில் வேறுபட்டால் விமானம் ஏறுமிடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். எந்த வாயில் வழியாக நுழைகிறீர்கள் என்பதையும் அதே படிவத்தில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பருவம்: மே முதல் ஆகஸ்ட் வரை கடும் வெயில். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை, அதிலும் அக்டோபர், நவம்பரில் ஆறு பெருகித் தெருவுக்கே வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேர்ந்தெடுத்தால் தொல்லை குறைவு.

3. டூரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கடைசியாகப் பாருங்கள்

விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டியது இடங்களின் எண்ணிக்கையும், ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய நேரமும். ஏழெட்டு இடம் போட்டிருந்தால் அதில் பாதி கடைகளாக இருக்கும். கோட்டை, தியென் மூ பகோடா என்னும் பௌத்தக் கோயில், அரசர் கல்லறைகளில் இரண்டு, வழியில் ஒரு சின்ன நிறுத்தம். ஒரு நாளுக்கு இவ்வளவுதான் தாங்கும்.

கோட்டைக்கு இரண்டு மணி நேரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் அரசவளாகம் மட்டுமே பக்கத்துக்கு 600 மீட்டர் அளவுள்ள சதுரம். ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தால், நடு வழியே நேராக நடந்து வெளியே வந்துவிடுவீர்கள்.

அடுத்து, குழு அளவு. பெரிய பஸ் என்றால் ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றவே முக்கால் மணி நேரம் போய்விடும். பெரியவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால், நான்கு பேர் சேர்ந்து தனி வண்டியும் வழிகாட்டியும் எடுப்பது குழு டூரைவிட மிக அதிகமாக வந்துவிடாது. எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் உங்கள் கையில் இருக்கும். தமிழ் பேசும் வழிகாட்டியை எதிர்பார்க்க வேண்டாம், ஆங்கிலம்தான்.

4. கல்லறைகளில் எந்த இரண்டு?

"கல்லறை" என்றதும் ஒரு சமாதி மேடையை நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் குளம், தோப்பு, மண்டபங்கள் கொண்ட பெரிய வளாகம். டூர்களில் வருபவை மூன்று.

காய் டின் கல்லறை 1920இல் தொடங்கி 1931இல் முடிந்தது. கான்கிரீட்டும் கருங்கல் நிறமுமாக மலைச்சரிவில் ஏறும் கட்டடம். மொத்தம் 127 படிகள், லிஃப்ட் இல்லை. மின் மாங் கல்லறை நகரிலிருந்து சுமார் 12 கி.மீ.; வாயில், முற்றம், குளம், பாலம் என்று ஒரே நேர்கோட்டில் 700 மீட்டர் நீள்வது. டு டுக் கல்லறை நகருக்கு மிக அருகில், பைன் மரங்களும் தாமரைக் குளமும் உள்ள இடம். அரசர் உயிரோடிருந்தபோதே ஓய்வுக்கு வந்து தங்கிய வளாகம் என்பதால் பூங்கா போலத்தான் இருக்கும்.

முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு காய் டின், மின் மாங் இரண்டும் சேர்ந்த டூர் நல்லது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் குணம்: ஒன்று நெருக்கமான அலங்காரம், மற்றொன்று விரிந்த வெளி. வயதானவர்கள் உடன் வந்தால் காய் டினுக்குப் பதிலாக டு டுக். மூன்றையும் ஒரே பிற்பகலில் திணிக்கும் டூரை விட்டுவிடுங்கள். மூன்றாவது இடத்தில் பாதிப்பேர் வண்டியைவிட்டு இறங்குவதே இல்லை.

5. டிக்கெட் கணக்கு

குறைந்த விலை டூர்களில் நுழைவுக் கட்டணம் சேராது. ஹுவேயில் அது சின்னத் தொகை அல்ல. பெரியவர்களுக்குக் கோட்டை 2,00,000 டாங் (வியட்நாம் நாணயம்), மேலே சொன்ன கல்லறைகள் ஒவ்வொன்றும் 1,50,000 டாங். கோட்டையோடு இரண்டு கல்லறை தனித்தனியாக எடுத்தால் 5,00,000.

இதற்குக் கூட்டு டிக்கெட் உண்டு. கோட்டை, மின் மாங், காய் டின் மூன்றுக்கும் சேர்த்து 4,20,000. டு டுக்கும் சேர்ந்தால் 5,30,000. முதல் வாயிலிலேயே கூட்டு டிக்கெட் கேட்க வேண்டும். கோட்டைக்குத் தனி டிக்கெட் எடுத்த பிறகு அதைக் கூட்டாக மாற்றித் தர மாட்டார்கள். கட்டணம் மாறக்கூடியது என்பதால் முன்தினம் ஒரு முறை சரிபாருங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் படத்தைக் கைபேசியில் வைத்திருந்தால் வயதைக் காட்டிச் சிறுவர் கட்டணம் கேட்கலாம். தியென் மூவுக்குக் கட்டணம் இல்லை.

கோட்டை அரங்கில் நடக்கும் அரசவை இசைக்குத் தனி டிக்கெட். குழு டூரில் அதற்கு நேரம் இருக்காது. மறுநாளும் ஊரில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

6. முன்தின இரவு எடுத்து வைக்க வேண்டியவை

தோளையும் முழங்காலையும் மூடும் உடை. இது பகோடாவுக்கு மட்டும் அல்ல, கோட்டைக்குள் முன்னோர் கோயிலுக்கும் பொருந்தும். சேலை தடையில்லை, ஆனால் 127 படியை நினைத்துப் பாருங்கள். செருப்பு எளிதாகக் கழற்றி மாட்டுவதாக, ஆனால் பின்பட்டை உள்ளதாக இருக்கட்டும். கோயில் அறைகளில் கழற்ற வேண்டும். ஈரம் பட்ட கற்படியில் வெறும் ஹவாய் செருப்பு வழுக்கும்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, டிஷ்யூ. மழைக்காலத்தில் குடையைவிட மழைக்கோட்டு நல்லது. குழுவோடு நடக்கும்போது குடை மற்றவர் கண்ணில் குத்தும், காற்றில் திரும்பவும் செய்யும்.

பணத்தைச் சில்லறையாக மாற்றி, 20,000 தாளையும் 5,00,000 தாளையும் வெவ்வேறு பைகளில் வையுங்கள். இரண்டும் நீலம். வெயிலில் அவசரமாக இளநீருக்குக் காசு கொடுக்கும்போது ஒன்றுக்குப் பதில் மற்றது கை மாறிவிடும். கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

7. காலையில் ஏறுமிடம்

ஹுவேயில் மலிவான விடுதிகள் பலவும் தென்கரையில், கியெட் எனப்படும் சந்துகளுக்குள் இருக்கின்றன. அங்கே பஸ் வராது. "ஹோட்டல் வாசலில் ஏற்றிக்கொள்வோம்" என்றால் சந்தின் முனை என்று பொருள். எந்த முனை என்பதை இரவே செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். ஏழரை முதல் எட்டு வரை என்று சொன்னால் ஏழு இருபத்தைந்துக்கே அங்கே நில்லுங்கள். குழு வண்டி ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்காது.

ஏறியதும் வண்டியின் எண் பலகையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் பத்து வண்டிகள் நிற்கும் இடங்களில் அது ஒன்றுதான் துணை. வழிகாட்டியின் எண்ணையும் வாங்குங்கள். அங்கே எல்லோரும் ஸாலோ செயலியில்தான் பேசுகிறார்கள். உங்களுக்காக வாட்ஸாப்பிலும் வருவாரா என்று கேளுங்கள்.

அப்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: சைவமா, முழங்கால் வலியா, கோட்டையில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது. மதியம் சொன்னால் எதையும் மாற்ற முடியாது.

8. கோட்டை: காலையில், இந்த வரிசையில்

கோடையில் ஆறரைக்கும் குளிர்காலத்தில் ஏழுக்கும் திறக்கிறார்கள். முற்றங்களில் நிழல் கிடையாது, அதனால்தான் இது முதலில் வர வேண்டும். பதினொரு மணிக்குத் தரைக்கல்லின் சூடு செருப்பைத் தாண்டி ஏறும். கோட்டையைப் பிற்பகலில் வைத்திருக்கும் டூரைக் குளிர்காலத்தில் வேண்டுமானால் எடுக்கலாம். அப்போதும் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

நுழைவது தெற்கு வாயிலான ஙோ மோன் வழியாக. (தமிழில் சொல்லின் தொடக்கத்தில் அநேகமாக வேலையே இல்லாத ங எழுத்துக்கு இந்த ஊரில் நாள் முழுக்க வேலை, அரச வம்சத்தின் பெயரே ஙுயென்.) வாயிலில் ஐந்து வழிகள். நடுவழி அரசருக்கு மட்டும் என்று இருந்தது. மேல்மாடத்துக்கு ஏறுவதானால் உள்ளே வந்த உடனே ஏறுங்கள். பிறகு திரும்பி வர வாய்ப்பு வராது.

அங்கிருந்து நேராக தாய் ஹுவா அரியணை மண்டபம். நீண்ட சீரமைப்புக்குப் பின் 2024 நவம்பரில் மீண்டும் திறந்தார்கள். உள்ளே படமெடுக்கக் கூடாது. அதே நேர்கோட்டில் வடக்கே போனால் கியென் சுங் மாளிகை. 1947இல் அழிந்து, புதிதாகக் கட்டி 2024இல் திறந்தது. அதன் முகப்பில் பதித்த பீங்கான் சில்லுகளை அருகில் போய்ப் பாருங்கள். பிற்பகலில் காய் டின் கல்லறையில் இதே வேலையைப் பழையதாகப் பார்க்கப் போகிறீர்கள். இரண்டையும் ஒப்பிட இதுதான் சரியான வரிசை.

பெரும்பாலான குழுக்கள் இதோடு கிழக்கு வாயிலான ஹியென் ஞோனுக்குத் திரும்பிவிடும். மேற்குப் பக்கம் அப்படியே விடுபட்டுப்போகும். வளாகத்தில் மிக நல்ல பகுதி அதுதான்: முன்னோர் கோயிலான தே மியேவ், அதற்கெதிரே ஒன்பது வெண்கலக் கொப்பரைகள். 1835 முதல் 1837 வரை வார்த்தவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு டன். எட்டு ஒரே வரிசையில் நிற்க, நடுவிலுள்ள ஒன்று மட்டும் சற்று முன்னால் தள்ளி நிற்கும்; அது வம்சத்தின் முதல் அரசர் சா லோங்குக்கு உரியது. தூரத்திலிருந்து படமெடுத்துத் திரும்பிவிடாமல், வயிற்றுப் பகுதியைச் சுற்றி நடந்து பாருங்கள். மலை, ஆறு, யானை, மயில், பலா என்று நாட்டின் பொருள்களெல்லாம் புடைப்பாக இருக்கின்றன. பத்து நிமிடம் கொடுத்தால் போதும். காலையிலேயே வழிகாட்டியிடம் "ஒன்பது கொப்பரைகளுக்குப் போவோமா?" என்று கேட்டுவைத்தால் அவர் பாதையை மாற்றிக்கொள்வார்.

இங்கேதான் அதிகம் பேர் தொலைகிறார்கள். நுழைந்த வாயில் வேறு, வெளியேறும் வாயில் வேறு. வண்டி கிழக்குப் பக்கம் போய் நின்றிருக்கும். "அரை மணி நேரம் நீங்களே சுற்றிப் பாருங்கள்" என்று விடும்போது, சந்திக்கும் வாயிலின் பெயரை வழிகாட்டியையே உங்கள் கைபேசி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பழக்கத்தில் ஙோ மோனுக்கே திரும்பிப் போனவர்கள் மதில் ஓரமாக வெயிலில் நடந்து வர வேண்டியிருக்கும்.

9. தியென் மூவும் படகும்

நகர மையத்திலிருந்து சுமார் 5 கி.மீ. ஆற்றங்கரை மேட்டில் ஏழு நிலை எண்கோணக் கோபுரம். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும். கோபுரத்தைப் படமெடுத்ததும் இறங்கிவிடாமல் பின்பக்கம் போங்கள். 1963இல் சைகோனில் தீக்குளித்த துறவி திச் குவாங் டுக் அங்கே சென்ற ஆஸ்டின் கார் நிறுத்தப்பட்டிருப்பது பின்னால்தான்.

பல டூர்களில் இங்கிருந்து டிராகன் தலை வைத்த படகில் நகருக்குத் திரும்புவது உண்டு. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்: இயந்திரச் சத்தம், மெதுவான ஓட்டம். ஏறி உட்கார்ந்ததும் துணி, விசிறி, படங்களை விரித்துக் காட்டுவார்கள். வேண்டாமென்றால் முதல் முறையே சிரித்தபடி "கோங், காம் அன்" என்று சொல்லுங்கள். விலை கேட்டுவிட்டால் கரை சேரும் வரை பேரம்தான்.

10. மதியச் சாப்பாடு

ஊரின் பேர்போன உணவு பூன் போ என்னும் நூடுல்ஸ் சூப். மாட்டிறைச்சியும் பன்றிக்காலும் எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும் சேர்ந்தது. இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டாலும் குழம்பு இறைச்சிக் குழம்புதான்.

சைவர்கள் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லாமல் வரும். தொட்டுக்கொள்ள மீன் சாஸ் வந்துவிடும். சொல்ல வேண்டிய சொல் "சாய்". அது பௌத்த விரத உணவு: மீன் சாஸ் இல்லை, பல கடைகளில் வெங்காயம், பூண்டும் இல்லை. "அன் சாய்" என்றால் "நான் சாய் சாப்பிடுகிறேன்". ஹுவே பௌத்தம் ஊறிய ஊர் என்பதால் சாய் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வரும் சந்திர மாதத்தின் 1, 15ஆம் நாள்களில் உள்ளூர்க்காரர்களே அங்கே கூடுவார்கள். அன்று போனால் சூடாகக் கிடைக்கும், இடம்தான் கிடைக்காது.

குழுச் சாப்பாட்டில் ஒரு மேசைக்கு ஆறு பேர், நடுவில் தட்டுகள். சைவத் தட்டு உங்களுக்குத் தனியாக வரும்படி காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

11. பிற்பகல் கல்லறைகள்

மின் மாங் முதலில், காய் டின் அடுத்து என்று வந்தால் நல்லது. தூரமானதை முடித்துவிட்டு நகரை நோக்கித் திரும்புவதாக அமையும்; வெயில் தாழ்ந்த பிறகு படியேறலாம்.

மின் மாங்கில் நடு வாயில் அரசரின் உடலைக் கொண்டுபோக ஒரு முறை திறந்து மூடியது. பக்க வாயிலில்தான் நுழைவு. கடைசி வரை நடந்துபோனால் வட்டமான மதிலும் பூட்டிய கதவும்தான். அதற்குள் இருக்கும் மண்மேடு கண்ணுக்குத் தெரியாது. ஏமாற்றம் வேண்டாம், பார்க்க வேண்டியது வழி நெடுகத்தான்.

காய் டினில் முதல் படிவரிசையில் வேகமாக ஏறி, கற்சிலைகள் நிற்கும் முற்றத்தில் மூச்சு வாங்காதீர்கள். மேலே இன்னும் இருக்கிறது. மேல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் நில்லுங்கள். சுவர் முழுக்கப் பீங்கானும் கண்ணாடிச் சில்லும். அரசரின் வெண்கலச் சிலைக்கு மேலே தொங்கும் விதானம் பட்டுத்துணி போல மடிந்து தொங்கும், அது கான்கிரீட். விளிம்பைக் கீழிருந்து பார்த்தால்தான் நம்ப முடியும்.

12. ஊதுபத்தித் தெரு, கடைகள்

டு டுக் கல்லறைப் பக்கம் துய் சுவானில், சிவப்பு, மஞ்சள், ஊதா ஊதுபத்திக் கட்டுகளைப் பூப்போல விரித்து வைத்திருப்பார்கள். படமெடுக்கக் கட்டணம் இல்லை என்று சொன்னாலும், ஏதாவது சிறிதாக வாங்குவது எழுதாத விதி. பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் வழிகாட்டி உட்காரவைத்தால் அது கடைக்கான நேரம், தயங்காமல் கேளுங்கள்.

13. இறங்குமிடமும் அன்பளிப்பும்

அன்பளிப்பு கட்டாயமில்லை. குழு டூரில் ஆளுக்கு 50,000 டாங் கொடுத்தால் போதும். ஓட்டுநருக்குத் தனியாகக் கொடுங்கள், வழிகாட்டி பிரித்துக் கொடுப்பார் என்று விட வேண்டாம்.

ஹுவேயிலேயே தங்குபவர்கள் விடுதி வரை போகாமல் டோங் பா சந்தை அருகே இறக்கிவிடச் சொல்லலாம். எல்லோரையும் இறக்கிவிடும் கடைசிச் சுற்றில் அரை மணி நேரம் மிச்சமாகும். சந்தை மாலையில் அடங்கிவிடும் என்பதால் ஐந்தரைக்குப் பிறகு போய்ப் பயனில்லை. அப்போது ஆற்றோரம் நடந்து, ட்ருவோங் தியென் பாலத்தைக் கடந்து தென்கரைக்கு வாருங்கள். இருட்டியதும் பாலத்தில் விளக்கு போடுவார்கள்.